தொழில் இதழ்களைப் படிப்பதில் நாம் செய்யும் தவறுகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரத்து ஜவுளி நிறுவனங்களின் அலுவலக அறைகளில், தபால் உறை பிரிக்கப்படாத தொழில் இதழ்கள் மேசை ஓரத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். கேட்டால், "புத்தகம் மாசாமாசம் வந்துருதுங்க, படிக்கத்தான் நேரம் கிடைக்கறதில்லீங்க" என்பார்கள். இருபது ஆண்டுகளாக நூல் கொள்முதல் பிரிவில் பணியாற்றி வரும் எனக்கு, நேரக்குறைவைவிடப் படிக்கும் முறையே பெரிய தடையாகத் தோன்றுகிறது.

இதழ் கைக்கு வந்ததும் ஆசிரியர் உரையில் தொடங்கிக் கடைசிப் பக்கம்வரை வரிசையாகப் படிக்க முயல்வது பலரும் செய்யும் தவறு. சங்கக் கூட்டச் செய்திகளையும் பதவியேற்புப் படங்களையும் கடப்பதற்குள் மில்லிலிருந்து அழைப்பு வந்துவிடும். தமக்கு வேண்டிய கட்டுரை முப்பதாம் பக்கத்தில் இருந்ததே தெரியாமல் இதழ் மூடப்பட்டுவிடும். இந்த மாதம் நம் முன்னால் நிற்கும் கேள்வி எது என்பதை முதலில் முடிவுசெய்துகொண்டு பொருளடக்கத்தைப் பார்க்க வேண்டும். பஞ்சை இப்போதே வாங்கி இருப்பு வைப்பதா, காத்திருப்பதா என்பது ஒரு நூற்பாலையின் கேள்வியாக இருக்கலாம். அதற்குத் தொடர்புள்ள ஒன்றிரண்டு கட்டுரைகளை முழுமையாகப் படித்து, மற்றவற்றில் தலைப்பு, முதல் பத்தி, அட்டவணை ஆகியவற்றை மட்டும் பார்த்தால், முக்கால் மணி நேரத்தில் ஓர் இதழை முடித்துவிடலாம். சேர்த்துவைத்து ஆயுத பூஜை விடுமுறையில் மொத்தமாகப் படித்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினால், விலை நிலவரம் அதற்குள் பழசாகிவிடும்.

எனக்கு மிகுந்த கவலை தருவது, அலகைக் கவனிக்காமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளும் பழக்கம். நம் கணக்கில் ஒரு பேல், அதாவது ஒரு பொதி, பஞ்சு 170 கிலோ. அமெரிக்க வேளாண் துறையின் அறிக்கைகளில் ஒரு பேல் 480 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 218 கிலோ. ஆகவே நமது 100 லட்சம் பேல், அவர்கள் அட்டவணையில் சுமார் 78 லட்சம் பேலாகவே இருக்கும். நம் பருத்தி ஆண்டு அக்டோபரில் தொடங்குகிறது. அவர்களுடையது ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுகிறது. பணிக்குச் சேர்ந்த புதிதில், இரண்டு இதழ்களின் எண்களை அருகருகே வைத்து, இந்திய விளைச்சல் பெரிதும் சரியப்போகிறது என்று குறிப்பு எழுதி நிர்வாகத்திடம் கொடுத்தேன். அதை நம்பி, விலை ஏறும் என்று அவசரமாக வாங்கிய நூலில் ஏற்பட்ட நஷ்டத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

விலையிலும் இந்த எச்சரிக்கை வேண்டும். நியூயார்க் சந்தையின் பஞ்சு விலை ஒரு பவுண்டுக்கு இத்தனை சென்ட் என்று வரும். நம் சந்தையில் ஒரு கேண்டிக்கு இத்தனை ரூபாய் என்று பேசுவார்கள். ஒரு கேண்டி 784 பவுண்டு, ஏறத்தாழ 356 கிலோ. அன்றைய டாலர் மதிப்பையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே இரண்டையும் ஒப்பிட முடியும். நூல் எவ்வளவு மெல்லியது என்பதை நாம் கவுண்ட் என்ற அலகில் சொல்கிறோம். ஐரோப்பிய இதழ்கள் டெக்ஸ் என்ற அலகில் எழுதுகின்றன. கவுண்ட் எண் கூடக் கூட நூல் மெல்லியதாகும். டெக்ஸ் எண் கூடினாலோ நூல் தடிக்கும். 590.5 என்ற எண்ணைக் கவுண்ட்டால் வகுத்தால் டெக்ஸ் கிடைக்கும் என்பதால், 40-ஆம் கவுண்ட் நூல் சுமார் 14.8 டெக்ஸ் ஆகும். அதேபோல், ஆயத்த ஆடை ஏற்றுமதி என்று மொத்தமாக வரும் தொகையை, பின்னலாடை செய்யும் திருப்பூர்க்காரர் அப்படியே தம் நிலவரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சுங்க வகைப்பாட்டில் பின்னலாடை 61-ஆம் அத்தியாயத்திலும், நெய்த துணியில் தைத்த ஆடை 62-ஆம் அத்தியாயத்திலும் வருகின்றன.

கட்டுரையின் தேதியைப் பார்க்காமல் படிப்பது இன்னொரு தவறு. பருத்திக்கு இறக்குமதி வரி 11 சதவீதம் என்பது 2021 பிப்ரவரியில் வந்தது. 2022 ஏப்ரலில் சில மாதங்களுக்கு விலக்கப்பட்டு, பிறகு திரும்பி வந்து, 2025 ஆகஸ்டில் மீண்டும் தற்காலிகமாக விலக்கப்பட்டது. வாட்ஸ்அப்பில் தேதி வெட்டப்பட்டு வரும் ஒரு பக்கப் படத்தை நம்பி முடிவெடுப்பவர், எந்த ஆண்டின் வரியை வைத்துக் கணக்குப் போடுகிறார் என்பது அவருக்கே தெரியாது.

சட்டம் குறித்த பக்கங்களை ஆடிட்டரின் பாடு என்று புரட்டிவிடுவதும் நமக்கு இழப்பைத் தருகிறது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் 2023-இன் நிதிச் சட்டம் ஒரு மாற்றம் செய்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை, எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்களுக்குள்ளும், இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும் தந்துவிட வேண்டும். தவறினால், பணம் உண்மையில் கொடுக்கப்பட்ட ஆண்டில்தான் அதைச் செலவாகக் கழிக்க முடியும். நிட்டிங், டையிங், பிரிண்டிங் என்று ஒவ்வொரு வேலையையும் ஜாப் ஒர்க்காக, அதாவது வெளியே கூலிக்குச் செய்யக் கொடுத்து, மாதக்கணக்கில் பில்லை நிறுத்திவைக்கும் வழக்கமுள்ள நம் ஊர்த் தொழிலுக்கு இதைவிட முக்கியமான செய்தி அந்த ஆண்டில் வேறு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அறிவிப்பு 2023 பிப்ரவரி பட்ஜெட்டிலேயே வந்திருந்தும், எனக்குத் தெரிந்த பலர் 2024 மார்ச்சில், ஆண்டுக் கணக்கை முடிக்கும் வேளையில்தான் பதறினார்கள்.

எழுதியவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். இயந்திரம் விற்கும் நிறுவனத்தின் பொறியாளர், அந்த இயந்திரம் மின்சாரத்தை எவ்வளவு மிச்சப்படுத்தும் என்று எழுதும் கட்டுரையில் உண்மை இருக்கலாம். ஆனால் எந்தக் கவுண்ட்டில், எந்த வேகத்தில் சோதித்தார்கள் என்பது சொல்லப்படாவிட்டால் அது விலைப்பட்டியலுக்கு அருகில் வைக்க வேண்டிய தாள். 1956-இல் கோவையில் தொடங்கப்பட்ட சிட்ரா (தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம்) போன்ற ஆராய்ச்சி நிறுவனங்களின் ஆய்வுகளில் சோதனை நிலைமைகள் விவரமாகத் தரப்படுவதால், அவற்றை நம் மில்லின் நிலைமையோடு பொருத்திப் பார்க்க முடிகிறது.

படித்ததைக் குறித்துவைக்காமல் விடுவதால், மூன்று மாதம் கழித்து "எங்கேயோ படித்தேன்" என்ற நினைவு மட்டுமே மிஞ்சுகிறது. நான் ஒரு நீள நோட்டில் தேதி, இதழின் பெயர், பக்க எண், அலகு, இது நம் கொள்முதலில் எதை மாற்றும் என்ற ஒரே ஒரு வரி ஆகியவற்றை எழுதிவைக்கிறேன். மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலையில் ஸ்பின்னிங் மாஸ்டரும் கணக்காளரும் நானும் அந்த நோட்டோடு அரை மணி நேரம் உட்காருகிறோம். நான் தவறாகப் புரிந்துகொண்ட இடங்களை அவர்கள் சிவப்பு மையில் திருத்திய பிறகே அந்தக் குறிப்பு நிர்வாகத்துக்குப் போகிறது.