நாள் தள்ளிப்போகும் மாதங்களில் மனதைப் பார்த்துக்கொள்வது எப்படி

சினைப்பையில் நீர்க்கட்டி (பிசிஓஎஸ்) இருப்பவளுக்கு நாள் தள்ளிப்போவது நோயின் அடையாளம். குழந்தைக்குக் காத்திருப்பவளுக்கோ அதுதான் நல்ல செய்தி. இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஏழு வருடம் பார்த்துவிட்டேன். 38ஆம் நாள், 45ஆம் நாள், 52ஆம் நாள் என்று விடியும் முன்னே குளியலறையில் கர்ப்பம் பார்க்கும் கிட்டோடு நிற்பேன். ஒற்றைக் கோடு. முகத்தைக் கழுவிக்கொண்டு போய் அடுப்பைப் பற்றவைப்பேன்.

அதனால் முதலில் கிட்டுக்கு ஒரு கட்டுப்பாடு வையுங்கள். வீட்டில் வாங்கி அடுக்காதீர்கள். எந்த நாளில் பார்க்க வேண்டும் என்று டாக்டரிடமே கேட்டு காலண்டரில் குறித்துவிட்டு, அன்றைக்கு ஒன்று மட்டும் வாங்குங்கள். ஐயுஐ (விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் சிகிச்சை) செய்திருந்தால் பெரும்பாலும் இரண்டு வாரம் கழித்துத்தான் பார்க்கச் சொல்வார்கள். அதற்குக் காரணம் உண்டு. முட்டை வெடிக்கப் போடும் எச்சிஜி ஊசியும், கிட் தேடுகிற ஹார்மோனும் ஒன்றுதான். அவசரப்பட்டுப் பார்த்தால் கர்ப்பம் இல்லாமலே இரண்டு கோடு வரலாம். சிகிச்சையில் தரும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரையும் மார்பு வலி, வயிறு உப்புசம், தூக்கக் கலக்கம் எல்லாம் தரும். நான் அதை மசக்கை என்று நினைத்து அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் மாதவிலக்கு வந்தபோது என்னைவிட அம்மாதான் அதிகம் உடைந்துபோனாள். (சிகிச்சை எதுவும் இல்லாமல் 90 நாள் தாண்டியும் வரவில்லை என்றால் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். அது கர்ப்பப்பையின் நலனுக்காக.)

அடுத்தது ஒரு நோட்டு. மாதவிலக்குத் தேதிக்குப் பக்கத்திலேயே எத்தனை மணி நேரம் தூங்கினேன், சாப்பிட்டேனா, அழுதேனா என்று மூன்றே வார்த்தை எழுதினேன். இரண்டு மாதத்தில் ஒன்று தெரிந்தது. எனக்கு மோசமான நாள் மாதவிலக்கு வரும் நாள் இல்லை, அதற்கு அடுத்த மூன்று நாள். அந்த நாட்களில் விருந்தாளிகளை வரச்சொல்வதை விட்டுவிட்டேன்.

அந்த நோட்டை ஸ்கேன் ரிப்போர்ட்டோடு சேர்த்து டாக்டரிடம் காட்டுங்கள். என்னை முதலில் பார்த்த டாக்டர், "டென்ஷன் ஆகாதீங்க, தானா நிக்கும்" என்று அனுப்பிவிட்டார். அதைக் கேட்டபின், குழந்தை நிற்காததற்கும் என் கவலைதான் காரணம் என்ற குற்ற உணர்ச்சி வேறு சேர்ந்துகொண்டது. 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலோ, பிசிஓஎஸ் உள்ள எல்லாப் பெண்களுக்கும் மனச்சோர்வும் பதற்றமும் இருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்கிறது. டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்: "ரெண்டு வாரமா எதிலும் மனசு ஒட்டல, தூக்கம் வரல."

மனநல டாக்டர் மாத்திரை கொடுத்தால், கர்ப்பத்துக்கு முயற்சி செய்வதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்குத் தகுந்த மாத்திரையாகப் பார்த்துத் தருவார்கள். பாதியில் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கணவருக்கும் விந்துப் பரிசோதனை ஆரம்பத்திலேயே செய்யுங்கள். அது ஒரு சின்னப் பரிசோதனை. என் வீட்டில் அதைச் செய்ய இரண்டு வருடம் ஆனது, அத்தனை நாளும் பழி முழுக்க என் தலையில்தான்.

வளைகாப்புக்குப் போவதா வேண்டாமா? வளையல் போடக் கூப்பிடுவார்களா, ஒதுக்குவார்களா என்று வயிற்றைக் கலக்கினால் போகவேண்டாம். பரிசை முந்தின நாளே கொடுத்துவிடலாம். போயே ஆகவேண்டும் என்றால் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று கணவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். "ஏதாவது விசேஷம் உண்டா?" என்பதற்கு என் பதில், "இருந்தா நானே சொல்றேன் சித்தி." நீர்க்கட்டியால் வரும் தாடை முடியையும் எடையையும் பற்றிப் பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். அதற்குப் பதிலே தேவையில்லை.

'நான் இருந்து என்ன' என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது. எப்படி ஆரம்பிப்பது என்று தயங்கவேண்டாம். ஒரு ராத்திரி மொட்டை மாடியில் நின்றுகொண்டு நான் சொன்னது இவ்வளவுதான்: "எனக்கு நீர்க்கட்டி இருக்கு, குழந்தை இல்ல, மூணு நாளாத் தூங்கல." மறுமுனையில் ஒரு பெண் குரல், "சொல்லுங்கம்மா, கேட்டுட்டு இருக்கேன்" என்றது.