புளோக்கில் உள்ள பெரியவர்களை ஹெல்தியர் எஸ்ஜியில் சேர்ப்பது எப்படி?

ஹெல்தியர் எஸ்ஜி என்பது சிங்கப்பூர் அரசின் நோய்த்தடுப்புத் திட்டம். அதற்காக மின்தூக்கிப் பக்கம் நோட்டீஸ் ஒட்டுவதெல்லாம் எங்கள் ஈசூன் புளோக்கில் எடுபடாது. யார் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள் என்று முதலில் பாருங்கள். இங்கே அது ஐந்தாம் மாடி அக்கா. கோயிலுக்குப் பூ கட்டிக் கொடுப்பவர். அவர் சேர்ந்தார், அந்த வரிசையே சேர்ந்தது.

திட்டம் 2023 ஜூலையில் தொடங்கியது. 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதியலாம். முதல் ஆலோசனை இலவசம். பேச்சை அதிலேயே ஆரம்பியுங்கள். ஹெல்த்ஹப் என்ற சுகாதாரச் செயலியில் பதிய சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான கணக்கு) வேண்டும், கடவுச்சொல் யாருக்கும் ஞாபகம் இருக்காது. பேரப்பிள்ளைகள் வந்திருக்கும் ஞாயிறு மாலை போனால் வேலை சுலபம்.

வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனைக்கு வெள்ளிக்கிழமை காலை வேண்டாம், கோயில் இருக்கும்.

சாப்பாட்டுப் பேச்சில்தான் கவனம். “சோற்றைக் குறையுங்கள் மாமா” என்றால் அடுத்த முறை கதவு திறக்காது. கோப்பிக்கடைக்குக் கூட்டிப்போய் நீங்களே “தே சியூ தாய்” (சீனி குறைத்த தேநீர்) கேளுங்கள். அவரும் சீனி குறைத்துக் கேட்கத் தொடங்குவார். சீனியே போடாத “கொசோங்” எல்லாம் அப்புறம். அதற்கு எனக்கே மனசு வருவதில்லை.