குன்சும் கணவாயைச் சைக்கிளில் கடப்பது எப்படி

இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கையும் லாஹௌல் பகுதியையும் பிரிக்கும் மலைமுகட்டில், 4,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்திருக்கிறது குன்சும் கணவாய். காஸாவிலிருந்து லோசர், பாதல், சத்ரு ஊர்களைத் தொட்டுக் கிராம்பூ வரை செல்லும் சாலை இதன் மீதுதான் ஏறி இறங்குகிறது. சில இடங்களில் தார் போடப்பட்டிருந்தாலும், சரளையும் உருண்டைக் கற்களும் புழுதியுமே பெரும்பாலும் இருக்கும் என்று கருதித் திட்டமிடுவது நல்லது. எந்த உயரத்தில் எத்தனை இரவு உறங்கினோம் என்பதும், எந்த நேரத்தில் ஓடைகளைக் கடக்கிறோம் என்பதும்தான் இந்தப் பயணத்தின் வெற்றியைத் தீர்மானிக்கின்றன; கால் வலு அதற்கு அடுத்த இடத்தில்தான் வருகிறது.

பலர் மணாலியிலிருந்து புறப்பட்டுக் குன்சுமை ஏறுகிறார்கள். சைக்கிளில் செல்பவர் சிம்லா, கின்னௌர் வழியாகக் காஸாவை அடைந்து, அங்கிருந்து மேற்கு நோக்கிக் கடப்பதையே நான் பரிந்துரைப்பேன். சுமார் 2,200 மீட்டரில் இருக்கும் சிம்லாவிலிருந்து கல்பா, நாகோ, தாபோ என்று தங்கித் தங்கி வரும்போது, 3,700 மீட்டர் அளவில் உள்ள காஸாவை அடைவதற்குள் உடல் மெல்லிய காற்றுக்குப் பழகிவிடும். இன்னொரு காரணம் ஏற்றத்தின் சரிவு. பாதலிலிருந்து ஏறினால் 12 கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 600 மீட்டர் உயர வேண்டும். லோசரிலிருந்து ஏறினால் 18 கிலோமீட்டரில் 500 மீட்டருக்கும் குறைவாகவே உயர வேண்டியிருக்கும். கணவாயைத் தாண்டிய பின் உறங்கப்போகும் பாதலும் லோசரைவிடச் சற்றுத் தாழ்ந்த இடமே. இந்தியக் குடியுரிமை இல்லாதவர்கள், அதாவது இலங்கை, மலேசியா போன்ற நாடுகளிலிருந்து வரும் தமிழர்களும், கின்னௌரிலிருந்து ஸ்பிதிக்குள் நுழைய அனுமதிச் சீட்டு பெற வேண்டும்; ரெக்காங் பியோவில் அதை வாங்கலாம்.

3,000 மீட்டருக்கு மேல் சென்ற பிறகு, ஒவ்வோர் இரவும் உறங்கும் உயரம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் கூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். பேருந்தில் நேரடியாகக் காஸாவுக்கு வந்து இறங்குபவர், சைக்கிளைத் தொடுவதற்கு முன் குறைந்தது இரண்டு நாள்களாவது அங்கே ஓய்வெடுப்பது அவசியம். கணவாயின் உச்சியில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் ஐந்தில் மூன்று பங்கு அளவே இருக்கும். தலைவலியோடு குமட்டலோ தலைச்சுற்றலோ இருந்தால் அன்று மேலே ஏறக் கூடாது. ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலும், நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலும், பொழுது விடியக் காத்திராமல் கிடைத்த வண்டியில் உடனே கீழே இறங்கிவிட வேண்டும். உயர நோயைத் தடுக்க உதவும் அசெட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நண்பரின் பையிலிருந்து வாங்கி விழுங்குவது தவறு.

சாலை பொதுவாக ஜூன் மாதத்தில் திறந்து அக்டோபரில் பனியால் மூடப்படும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பனியாறுகள் மிகுதியாக உருகுவதால் ஓடைகள் பெருகும். கின்னௌரிலும் மணாலிப் பக்கத்திலும் மழையால் மண்சரிவு ஏற்படும். என் தேர்வு செப்டம்பர். இரவில் குளிர் கடுமையாக இருக்கும் என்பது மட்டுமே அதில் குறை.

சைக்கிளில் 2 அங்குலத்துக்குக் குறையாத அகலமுள்ள டயர் வேண்டும். முன்னால் 26 பல், பின்னால் 36 பல் என்ற அளவுக்காவது தாழ்ந்த கியர் இல்லாவிட்டால், சுமையோடு ஏறும்போது முழங்கால் தாங்காது. சென்னையில் அடித்த காற்றோடு இங்கே வந்தால், வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்திருப்பதால் டயரின் அழுத்தம் சுமார் 5 முதல் 6 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும்; ஆகவே காஸாவில் அளந்து, உடல் எடைக்கும் சுமைக்கும் ஏற்ப 30 முதல் 35 பி.எஸ்.ஐ. அளவில் இருக்கும்படி குறைத்துக்கொள்ளலாம். உதறலில் முதலில் கழல்பவை கேரியரின் போல்ட்டுகள்தான். ஒவ்வொரு மாலையும் அவற்றை விரலால் அசைத்துப் பார்த்து முடுக்க வேண்டும். மாற்று டியூப், பஞ்சர் ஒட்டும் பொருள்கள், ஒரு ஜோடி பிரேக் கட்டை ஆகியவற்றைக் கையோடு கொண்டுசெல்ல வேண்டும், ஏனெனில் லோசருக்கு அப்பால் கடை எதையும் நம்ப முடியாது. கைபேசிக்கும் அதே கதிதான்.

மதியத்துக்குப் பின் காற்று பலக்கும் என்பதால் லோசரிலிருந்து விடிந்தவுடன் புறப்படுவது நல்லது. பேச்சு விட்டுப்போகாத அளவு மூச்சு வாங்கினால் வேகம் சரியாக இருக்கிறது என்று பொருள். வண்டிகளின் சக்கரம் அழுத்திய தடத்திலேயே சைக்கிளைச் செலுத்த வேண்டும். தடங்களுக்கு நடுவே குவிந்திருக்கும் உதிரிச் சரளையில் முன்சக்கரம் வழுக்கும். லாரி எதிரே வந்தால் மலைச்சுவரின் பக்கமாக ஒதுங்கி நிற்க வேண்டும், பள்ளத்தின் பக்கம் ஒருபோதும் நிற்கக் கூடாது. உச்சியில் கொடிகள் படபடக்கும் ஸ்தூபிகளும் குன்சும் மாதா கோயிலும் உள்ளன. ஓட்டுநர்கள் வலம் வந்த பிறகே தொடர்வார்கள், நாமும் அவ்வாறே செய்யலாம். ஆனால் வியர்வை உறைவதற்குள் காற்றுத் தடுப்புச் சட்டையையும் கையுறையையும் போட்டுக்கொண்டு இறங்கிவிட வேண்டும்.

இறக்கத்தில் கொண்டை ஊசி வளைவுகள் தொடர்ந்து வரும். வளைவுக்கு முன்பே, நேரான பகுதியில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, வளைவுக்குள் முன்பிரேக்கைத் தொடாமல், வெளிப்பக்க மிதியைக் கீழே வைத்து அதன்மீது எடையை ஊன்றித் திரும்ப வேண்டும். அலையலையாக வரிவிழுந்த சாலையில் இருக்கையிலிருந்து சற்று எழுந்து, முழங்கையை மடக்கி, கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்தால் சைக்கிள் தானே வழி கண்டுகொள்ளும். இறுகப் பிடித்தவருக்கு மணிக்கட்டு வலிதான் மிச்சம். சந்திரதால் ஏரிக்குப் பிரியும் பாதை பாதலுக்குச் சற்று முன்னால் வரும். ஏரியைப் பார்க்க விரும்புபவர் அதற்குத் தனியாக ஒரு நாளை ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

பாதல் தாபாவில் படுக்கையும் பருப்புச் சோறும் கிடைக்கும். மதியமே அங்கு வந்து சேர்ந்தாலும் அன்று மேற்கொண்டு போகக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருப்பேன். அடுத்து வரும் 32 கிலோமீட்டரில், சத்ரு வரை, பனியாற்று நீர் சாலையைக் குறுக்கே அறுத்துச் செல்லும் ஓடைகள் பல உள்ளன. வெயிலில் உருகிய நீர் பிற்பகலில்தான் உச்சத்தை அடையும். விடியற்காலையில் கணுக்கால் அளவில் ஓடும் நீர், மாலை நான்கு மணிக்கு முழங்காலுக்கு மேல் பாய்ந்து கற்களையும் உருட்டும். ஆகவே காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட வேண்டும். ஆழம் தெரியாத ஓடையில் ஓட்டிப் பார்க்காமல் இறங்கி, காலுறையை மட்டும் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, ஷூவோடு நடக்க வேண்டும். அந்தக் குளிர் நீரில் வெறுங்காலின் உணர்வு சிறிது நேரத்திலேயே மரத்துப்போகும், அடியிலுள்ள கல்லின் கூர் தெரியாது. சைக்கிளை நீர் ஓடும் திசையில், நமக்குக் கீழ்ப்புறமாகப் பிடித்துத் தள்ள வேண்டும்; மேற்புறம் பிடித்தால் நீர் அதை நம் கால்மீதே மோதிவிடும். நீர் முழங்காலைத் தொடுமானால் பைகளைக் கழற்றித் தனியே கொண்டுபோக வேண்டும், அல்லது ஏதாவது ஒரு லாரி வரும்வரை காத்திருக்க வேண்டும். கரையேறியதும் சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விட வேண்டும்.

சத்ருவிலிருந்து கிராம்பூ 17 கிலோமீட்டர் தூரத்தில் உள்ளது. அங்கே சாலை இரண்டாகப் பிரிகிறது. 3,978 மீட்டர் உயரமுள்ள ரோத்தங் கணவாயை ஏறி மணாலிக்கு இறங்கும் வழி ஒன்று, கோக்சர் வழியாக அடல் சுரங்கத்தை நோக்கிச் செல்லும் வழி மற்றொன்று. ரோத்தங்கைத் தேர்ந்தெடுப்பவர் அன்றே ஏறத் தொடங்காமல் இரவு கோக்சரில் தங்கி, பிரேக் கட்டைகளின் தேய்மானத்தைப் பார்த்து, தேவையானால் மாற்றிக்கொண்டு மறுநாள் காலையில் ஏறலாம்.