தலைவாசல் சாய்ப்பு: ஷீட்டுக்கு முன்னால் காற்றைப் பாருங்கள்

வாசலுக்கு மேல் சாய்ப்பு போடக் கிளம்பினால் பேச்சு ஷீட்டின் நிறத்தில்தான் ஆரம்பிக்கும். ஆரம்பிக்க வேண்டியது காற்றில். கட்டடங்கள் தாங்க வேண்டிய பளுவைச் சொல்லும் இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர், மதுரைக்கும் கோவைக்கும் 39 மீட்டர் என்று அடிப்படைக் காற்று வேகத்தைக் குறிக்கிறது. 50 மீட்டர் வேகக் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. 6 அடிக்கு 4 அடி சாய்ப்பின் பரப்பு 2.2 சதுர மீட்டர். அதனடியில் புகும் புயல்காற்று 300 கிலோ அளவுக்கு மேல்நோக்கித் தூக்கும். பாலிகார்பனேட் ஷீட்டும் இரும்புச் சட்டமும் சேர்ந்தாலும் அதில் சிறு பங்கு எடைதான் இருக்கும். 2016இல் வர்தா, 2018இல் கஜா என்று பார்த்த கடலோர மாவட்டங்களில் இந்தக் கணக்கைத் தவிர்க்கவே கூடாது.

அதனால் மெல்லிய கம்பியிலோ கேபிளிலோ தொங்கவிடும் டிசைனைக் கடலோரத்தில் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கேபிள் கீழே இறங்கும் எடையைத் தாங்கும்; காற்று தூக்கும்போது தொய்ந்துபோய் ஒன்றுக்கும் உதவாது. இழுப்பையும் அழுத்தத்தையும் சேர்த்துத் தாங்கும் பைப் முட்டுதான் வேண்டும். பிராக்கெட்டின் சுவரோரக் கால், சாய்ப்பின் நீட்டத்தில், அதாவது சுவரிலிருந்து அது வெளியே நீளும் அளவில், பாதியாவது இருக்கட்டும்: 4 அடி நீட்டத்துக்கு 2 அடி. ஒரே வரிசை போல்ட்டில் நிற்கும் சட்டம் நெம்புகோலாகி அந்த போல்ட்டைப் பிடுங்கிவிடும். நீட்டம் 5 அடியைத் தாண்டினால் முன்பக்கம் இரண்டு தூண் கொடுத்துவிடுங்கள்.

போல்ட் எங்கே இறங்குகிறது? நிலைக்கு மேலே ஓடும் கான்கிரீட் லிண்டல்தான் நல்ல இடம். வழக்கமாக அதன் உயரம் 6 அங்குலம். நடு உயரத்தில் துளை போட்டால் இரு விளிம்பும் உடையாது. கம்பியில் டிரில் முட்டினால் கம்பியை அறுக்காமல் துளையைத் தள்ளிப் போடுங்கள். பூச்சின் கனத்தை ஆழக் கணக்கில் சேர்க்காதீர்கள், 10 மி.மீ. ஆங்கர் (துளைக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட்) கான்கிரீட்டுக்குள்ளேயே அதன் தயாரிப்பாளர் சொல்லும் ஆழத்துக்குப் போக வேண்டும். ஹாலோ பிளாக், ஏஏசி பிளாக் (எடை குறைந்த நுரைக் கான்கிரீட் கல்) சுவரில் விரியும் ஆங்கர் பிடிக்காது, கல்லையே பிளக்கும். அங்கே பசையால் பிடிக்கும் கெமிக்கல் ஆங்கர் போடலாம். அல்லது சுவரை முழுக்கத் துளைத்து, உள்பக்கம் பிளேட் வைத்து முடுக்கலாம்.

அளவுக்குச் சுலபமான கணக்கு: கதவின் இருபுறமும் ஒரு அடியாவது கூடுதல் அகலம். 45 டிகிரியில் மழை சாய்ந்தால், 8 அடி உயரத்தில் 4 அடி நீளும் சாய்ப்பு கதவின் மேல் 4 அடியைத்தான் காக்கும், கீழ்ப்பாதி நனையும். வடகிழக்குப் பருவமழையில் சாரல் அடிக்கும் பக்கம் ஒரு பக்கமறைப்பு போடுவது, நீட்டத்தைக் கூட்டுவதைவிட நல்லது. ஆனால் மறைப்பும் காற்றைப் பிடிக்கும். அதன் கீழ்முனையையும் சுவரில் கட்டுங்கள்.

இனி ஷீட். மேற்குப் பார்த்த வாசலுக்குக் கண்ணாடிபோல் தெளிந்த பாலிகார்பனேட் வேண்டாம், பிற்பகல் வெயில் அப்படியே இறங்கும், பால்வெள்ளை எடுங்கள். யுவி பூச்சுள்ள பக்கம் வானம் பார்க்க வேண்டும். அதைக் காட்டும் அச்சுத்தாளைப் பொருத்தும் வரை முழுதாக உரிக்காதீர்கள். புரட்டிப் போட்டால் சில ஆண்டுகளில் மஞ்சளித்து நொறுங்கும். உள்ளே வரிசையாகக் குழல்கள் ஓடும் வகை ஷீட்டில் குழல்கள் சரிவின் திசையில் ஓடவேண்டும். மேல்முனைக்கு அலுமினிய டேப், கீழ்முனைக்குக் காற்று போகும் டேப். இதை விட்டால் உள்ளே பாசி படியும். வெயிலில் ஷீட் மீட்டருக்கு 3 மி.மீ. வரை நீளும், திருகுத் துளையைத் திருகைவிட 3 மி.மீ. பெரிதாகப் போடாவிட்டால் துளையிலிருந்து விரிசல் கிளம்பும். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் சீலன்ட் பாலிகார்பனேட்டைக் கெடுக்கும். நியூட்ரல் வகை கேட்டு வாங்குங்கள்.

கண்ணாடிதான் வேண்டுமென்றால் டஃபன்ட் (சூடாக்கி வலுவேற்றிய கண்ணாடி) மட்டும் போதாது. உடைந்தால் மொத்தமும் தலையில் கொட்டும். இரண்டு டஃபன்ட் தகடுகளை ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியே போடவேண்டும். மங்களூர் ஓடு அழகு, குளிர்ச்சி. ஆனால் 25 டிகிரிக்குக் குறையாத சரிவு தேவை. 4 அடி நீட்டத்துக்கு ஏறக்குறைய 2 அடி சுவர் உயரம் மேலே இருக்கிறதா என்று பாருங்கள். பாலிகார்பனேட்டுக்கு மீட்டருக்கு 9 செ.மீ. சரிவு போதும்.

துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பில் வெல்டு வைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும், துரு அங்கேதான் தொடங்கும். பெயின்ட் அடிக்குமுன் அந்த இடங்களில் ஜிங்க் பிரைமர் பூசச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். கடலோரத்தில் போல்ட் உப்புக்காற்றைத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஆக இருக்கட்டும்.

சுவரும் சாய்ப்பும் சேரும் இடத்தில் சீலன்ட்டை மட்டும் இழுத்துவிட்டால் ஓரிரு கோடையில் வாய்பிளக்கும். பூச்சில் 2 செ.மீ. காடி வெட்டி, அலுமினியத் தகட்டைச் செருகி மடித்து, அதற்கு மேல் சீலன்ட் கொடுங்கள். முன் ஓரத்தில் தண்ணீரை ஏந்தும் கட்டர் வைக்காவிட்டால் படி வழுக்கும். 10 செ.மீ. மழையில் இந்த 6க்கு 4 சாய்ப்பிலிருந்து மட்டும் 220 லிட்டர் இறங்கும். கட்டரின் குழாயை மழைநீர்க் குழியில் விடுங்கள். கட்டரில் இலை அடைத்தால் தண்ணீர் சுவர்ப்பக்கம் திரும்பும், ஆகவே ஐப்பசி பிறக்குமுன் அதைத் துடைத்து, போல்ட்டுகளையும் ஒருமுறை முடுக்கிவிடுங்கள்.