கடைக்காரர் தவறுதலாக விற்ற குடும்பத் துப்பாக்கி: மீட்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உரிமதாரர் இறந்துவிட்டார், தேர்தலுக்காக ஒப்படைக்க வேண்டும், பழுதுபார்க்க வேண்டும் என்று ஏதாவது ஒரு காரணத்தால் பரம்பரைத் துப்பாக்கி ஒருநாள் உரிமம் பெற்ற ஆயுதக் கடைக்குப் போய்ச் சேர்கிறது. சில ஆண்டுகள் கழித்து வாரிசு அதைக் கேட்டுப் போகும்போது, அது விற்றுப்போயிற்று என்று பதில் வருகிறது. எங்கள் பெரியப்பா வீட்டில் இப்படித்தான் நடந்தது. பர்மிங்காமில் செய்த, ‘12 போர்’ (bore, குழலின் உள்விட்ட அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கி அது. கடையின் இரும்பு அலமாரியில் ஏறக்குறைய அதே சாயலில் இன்னொன்றும் இருந்திருக்கிறது. நூலில் கட்டியிருந்த அட்டைச் சீட்டு அறுந்து விழ, யாரோ அதை எடுத்து மற்றதில் கட்டிவிட்டார்கள். விற்க வேண்டியது அலமாரியிலேயே இருக்க, காக்க வேண்டியது விலைபோயிற்று. கடைக்காரரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அடுத்த இரண்டு வாரங்களில் நாங்கள் செய்யவிருந்த பிழைகள் அவர் செய்ததைவிடப் பெரியவை.

துப்பாக்கியைப் பொறுத்தவரை சொந்தம் என்பது ஒன்று, கையில் வைத்திருக்கும் உரிமை என்பது வேறொன்று. தந்தையின் துப்பாக்கி வாரிசுரிமைப்படி பிள்ளைகளுக்குச் சொந்தமாகலாம். ஆனால் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாத பிள்ளை அதை ஒரு நாள்கூட வீட்டில் வைத்திருக்க முடியாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதற்குத் தண்டனை இரண்டு ஆண்டுக்குக் குறையாத சிறை. இந்த வேறுபாட்டை மறந்துதான் பலரும் முதல் தவறைச் செய்கிறார்கள். வாங்கியவரின் ஊரும் பெயரும் தெரிந்தவுடன் காரை எடுத்துக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அவர் நல்லவராக இருந்து, ‘உங்கள் தாத்தா பொருள், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று கொடுத்துவிட்டால்தான் உண்மையான ஆபத்து. பறிகொடுத்த வாரிசு அந்த நிமிடமே குற்றவாளி ஆகிறார். உரிமத்தில் பதிவான ஆயுதம் எங்கே என்ற கேள்விக்கு, வாங்கியவரும் பதில் சொல்ல வேண்டியவர் ஆகிறார். தனியார் ஒருவர் தம் துப்பாக்கியை உரிமம் உள்ள இன்னொருவருக்கு விற்பதானால்கூட, மாவட்ட ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 5ஆம் பிரிவு. எங்கள் அண்ணன் காரில் ஏறி உட்கார்ந்தே விட்டார்; ஓய்வுபெற்ற உறவினர் ஒருவர் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டதால் தப்பினோம்.

அடுத்த தவறு பணத்தை வாங்கிக்கொள்வது. பிழை தெரிந்ததும் கடைக்காரர் பெரும்பாலும் விற்ற தொகையைக் காசோலையாக நீட்டுவார். ‘இப்போதைக்கு இது இருக்கட்டும், துப்பாக்கிக்கு மேற்கொண்டு பார்ப்போம்’ என்பார். அந்தக் காசோலையை வங்கியில் போட்டுவிட்டால், அனுமதியில்லாமல் நடந்த விற்பனைக்கு நீங்கள் பின்னர் ஒப்புதல் தந்துவிட்டீர்கள் என்று வாதிட இடம் கிடைக்கிறது. ஒப்பந்தச் சட்டம் அத்தகைய பின்னொப்புதலை, நடத்தையிலிருந்து புலப்பட்டாலும் ஏற்கிறது. தொகை குறைவு என்ற கோபத்தில், ‘இன்னும் இவ்வளவு கொடுத்தால் விட்டுவிடுகிறோம்’ என்று வாட்ஸ்அப்பில் பேரம் பேசுவதும் அதே ரகம்தான். 1980களின் நடுவிலிருந்து வெளிநாட்டுத் துப்பாக்கிகளைத் தனியார் இறக்குமதி செய்யும் வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டதால், பழைய ஆங்கிலத் துப்பாக்கிக்கு உள்நாட்டுச் சந்தையில் நல்ல கிராக்கி உண்டு. வாங்கியவர் எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார் என்பதையும், கடைக்காரர் பணத்தோடு முடித்துக்கொள்ள ஏன் அவசரப்படுகிறார் என்பதையும் இது விளக்கும். பணம் வேண்டுமா, பொருள் வேண்டுமா என்று முதல் நாளே குடும்பத்துக்குள் முடிவுசெய்துவிட்டு, பொருள்தான் என்றால் அதை எழுத்தில் ஒரே வரியில் சொல்லிவிடுவது நல்லது.

எழுத்து என்றதும் பழைய ரசீதைத் தேட வேண்டியிருக்கிறது. வழக்கின் தலையெழுத்து அந்தச் சிறு தாளில்தான் இருக்கிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 27ஆம் பிரிவு, சொந்தக்காரர் அல்லாதவர் விற்றால் வாங்கியவருக்கு நல்ல உரிமை கிடைக்காது என்று பொதுவிதியாகச் சொல்லிவிட்டு, உடனே ஒரு விலக்கையும் வைக்கிறது: விற்பனை முகவரிடம் சொந்தக்காரர் சம்மதத்தோடு பொருள் இருந்து, அவர் வழக்கமான வியாபாரமாக விற்க, வாங்கியவர் நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தால் அந்த விற்பனை செல்லும். ஆகவே ரசீதில் ‘பாதுகாப்புக்கு’ அல்லது ‘பழுதுபார்க்க’ என்று இருந்தால் நாம் மேட்டில் நிற்கிறோம். ‘விற்பனைக்கு’ என்று இருந்தால் பள்ளத்தில் நிற்கிறோம். கடைக்காரர் நீட்டிய அச்சுப் படிவத்தில் படிக்காமல் கையெழுத்திடுவதும், ‘நல்ல விலை வந்தால் சொல்லுங்கள்’ என்று பேச்சுவாக்கில் எழுதி அனுப்புவதும் இந்த இடத்தில்தான் திரும்பி வந்து கடிக்கின்றன. எங்கள் ரசீதில் ‘டபுள் பேரல் ஒன்று, சேஃப் கஸ்டடி’ என்று மட்டும் இருந்தது. நோக்கம் தெளிவாக இருந்தது, எண் இல்லை. பெரியப்பாவின் பழைய உரிமப் புத்தகத்திலிருந்துதான் துப்பாக்கியின் எண்ணை எடுத்தோம். அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பரோடு போடாமல் வைத்திருந்த பெரியம்மாவுக்குத்தான் பாதிப் பெருமை.

‘வருடக்கணக்காக யாரும் வரவில்லை, கெடு தாண்டிவிட்டது, அதனால் விற்றேன்’ என்று கடைக்காரர் சொன்னால் அதை அப்படியே நம்பித் திரும்பிவிடக் கூடாது. ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி ஒப்படைத்த ஆயுதத்தைத் திரும்பப் பெறவோ, உரிமை உள்ள ஒருவருக்கு விற்கச் சொல்லவோ ஒப்படைத்தவருக்கும், அவர் இறந்தால் அவருடைய சட்டப் பிரதிநிதிக்கும்தான் அதிகாரம். குறித்த காலம் கடந்தால் அது அரசுக்குப் பறிமுதலாகுமே தவிர, கடைக்காரருக்குச் சொந்தமாகாது. அந்தப் பறிமுதலுக்கும் மாவட்ட நடுவர் (பொதுவாக ஆட்சியர்) உத்தரவு வேண்டும், அதற்கு முன் 30 நாள் அவகாசத்தோடு விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்ப வேண்டும்.

காவல் நிலையத்தில் ‘திருடிவிட்டார்கள்’ என்று புகார் எழுதுவது மனத்துக்கு ஆறுதலாக இருக்கலாம், துப்பாக்கிக்கு நல்லதல்ல. நம்பிக்கை மோசடிக் குற்றத்துக்கு நேர்மையற்ற எண்ணம் வேண்டும். சீட்டு மாறிய கதையில் அது நிற்காது. நிற்பதுபோல் காட்டி வழக்குப் பதிந்தால், துப்பாக்கி வழக்குச் சொத்தாகக் கைப்பற்றப்பட்டு, எண்ணெய் காணாமல் அறையில் துருப்பிடிக்கும். நடந்ததை நடந்தபடி, எண், தேதி, ரசீது நகலோடு எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கு நிலையத்தில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொண்டால் போதும். அதே கடிதத்தின் நகல் உரிமம் வழங்கும் அதிகாரிக்கு, அதாவது மாவட்டங்களில் ஆட்சியருக்கும் மாநகரக் காவல் எல்லைகளில் காவல் ஆணையருக்கும், போக வேண்டும். வாங்கியவர் அதை இன்னொருவருக்குக் கைமாற்றிவிடாமல் தடுக்க இந்தக் கடிதம்தான் முதல் முட்டுக்கட்டை. மனம் ஒத்து வந்தால் வழி எளிது: அதிகாரிக்குத் தெரிவித்து, வாங்கியவர் துப்பாக்கியைக் கடையில் திருப்பி ஒப்படைப்பார், அவருடைய உரிமத்தில் பதிவு நீக்கப்படும், அவர் பணத்தைக் கடைக்காரர் திருப்பித் தருவார். ஒத்து வராவிட்டால் உரிமையியல் நீதிமன்றம். 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, பணத்தால் ஈடுகட்ட முடியாத பொருளை அப்படியே திருப்பித் தர உத்தரவிட இடம் தருகிறது; பரம்பரைப் பொருள் என்று காட்டும் பழைய புகைப்படங்களுக்கு அங்கே மதிப்பு உண்டு.

காலத்தைப் பற்றி மெத்தனம் வேண்டாம். ஒப்படைத்த பொருளைக் கேட்டு, மறுக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். கட்டணம் வாங்கிக்கொண்டு வைத்திருந்த கடை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அங்கே இரண்டு ஆண்டுதான்.

வாரிசுகளுக்குள் ஒருவர் மட்டும் கையெழுத்திட்டு அறிவிப்பு அனுப்புவதும் வழக்கமான தவறு. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழில் இருக்கும் அனைவரும் சேர்ந்து கேட்டு, இன்னாரிடம் தருவதில் ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தர வேண்டும். அந்த இன்னார் ஏற்கெனவே இரண்டு துப்பாக்கி வைத்திருப்பவராக இருந்தால், மீட்டும் பயனில்லை. 2019 திருத்தம் வைத்த இரண்டு என்ற வரம்பு பரம்பரை ஆயுதத்துக்கும் பொருந்தும். ‘பழைய காலத்துப் பொருள்தானே, உரிமம் எதற்கு’ என்பாரும் உண்டு. பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருப்பதற்குத்தான் உரிமத்திலிருந்து விலக்கு. தாத்தா எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்த துப்பாக்கிக்கு அல்ல.

திரும்பி வந்த துப்பாக்கியை உறையோடு வாங்கிக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. இத்தகைய பழைய இரட்டைக் குழல்களில் பெரும்பாலும் குழலில், விசைப் பகுதியில், குழலின் அடியில் பொருந்தும் முன்கட்டையில் என மூன்று இடங்களில் ஒரே எண் வெட்டியிருக்கும். கடை மேசையிலேயே மூன்றாகக் கழற்றிப் பார்த்தோம். குழல் நம்முடையது, விசைப் பகுதி நம்முடையது. முன்கட்டை மட்டும் மாட்டும்போது லேசாக ஆடியது. அதன் இரும்பில் இருந்த எண் வேறு. யாரோ இரண்டு துப்பாக்கிகளையும் ஒரே நேரத்தில் துடைத்து, முன்கட்டையை மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள். அலமாரியிலிருந்த மற்றத் துப்பாக்கியைக் கொண்டுவரச் செய்து, நம் முன்கட்டையை அதிலிருந்து கழற்றி வாங்கி, மூன்று எண்ணையும் ரசீதில் எழுதவைத்த பிறகே அண்ணன் கையெழுத்திட்டார்.