மனநல நிலையத்துக்கு நிதி சேர்க்கிறீர்களா? மலையகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தின் ஹட்டனிலோ மஸ்கெலியாவிலோ பண்டாரவளையிலோ, மனநோயோடு வாழ்கிறவர்கள் பகலில் வந்திருக்க ஓர் இடம் வேண்டும் என்று நாலு பேர் கூடினால், இரண்டாவது கூட்டத்திலேயே கட்டட வரைபடம் மேசைக்கு வந்துவிடும். முதல் தவறு அதுதான். கட்டடத்துக்குக் காசு கேட்பது சுலபம், கொடுப்பவருக்கும் கல்லில் பெயர் கிடைக்கும். ஆனால் மலையகத்தில் கட்டடத்துக்கு முன்னால் காணி என்றொரு சிக்கல் இருக்கிறது. தோட்டக் காணிகளில் பெரும்பாலானவை அரசுக்குச் சொந்தம். 1992க்குப் பிறகு பெருந்தோட்டக் கம்பனிகள் அவற்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகின்றன. தோட்ட மனேஜரான துரை வாயால் சொன்ன "சரி, கட்டுங்க" எதற்கும் உதவாது. அடுத்த துரை வந்தால் அதுவும் போய்விடும். எழுத்தில் அனுமதி வேண்டும். மண்சரிவு அபாயம் உள்ள மாவட்டங்களில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும் வேண்டும். இதெல்லாம் கைக்கு வரும்வரை சேர்த்த பணம் வங்கியில் கிடக்கும், ஊரில் கதை கிளம்பும்.

தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொண்ட பழைய பிள்ளைக்காம்பரா ஒன்று பூட்டிக் கிடக்கலாம். கோயில் மண்டபமோ தேவாலய மண்டபமோ வார நாட்களில் சும்மா இருக்கலாம். அங்கே ஆரம்பியுங்கள். பணம் உண்மையில் தேவைப்படுவது மாதச் செலவுக்கு. பயிற்சி பெற்ற ஒருவருக்குச் சம்பளம், மத்தியானச் சாப்பாடு, பஸ் காசு. இதில் பஸ் காசைத்தான் எல்லோரும் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். ஆனால் தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து கிளினிக்குக்கு இறங்கி வர ஒரு நாள் முழுக்கப் போகும். நோயாளிக்குத் துணையாக அம்மா வந்தால் அவருடைய அன்றைய பேரும், அதாவது ஒரு நாள் சம்பளமும் போகும். 2024இல் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. ஒரு நாள் சம்பளத்தை இழந்து, பஸ்ஸுக்கும் கொடுத்து யார் மாதா மாதம் வருவார்கள்? மனநோய்க்குச் சிலருக்கு மாதம் ஒரு தடவை போடும் ஊசி ஒன்று தவறினால் உடனே ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று தவறினால் வீட்டில் தூக்கம் போகும். ஆகவே "கட்டட நிதி" என்று ஒரே தடவை பெரிதாகக் கேட்பதைவிட, இருநூறு குடும்பங்களிடம் மாதம் நூறு ரூபாய் கேளுங்கள். இருபதாயிரம் வரும், அடுத்த மாதமும் வரும்.

அடுத்தது படம். இதில்தான் நல்ல மனமுள்ளவர்களே அதிகம் தவறுகிறார்கள். அழுக்கு உடுப்பும் வெறித்த பார்வையுமாக ஒருவரைப் படம் எடுத்து, "இந்தப் பரிதாப ஜீவன்களுக்கு உதவுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் விட்டால் காசு வரத்தான் செய்யும். முகத்தை மறைத்துவிட்டோம் என்பார்கள். லயத்து வரிசை வீட்டுக் கதவின் நிறத்தையும் வாசலில் கிடக்கும் கொழுந்துக் கூடையையும் பார்த்தே யார் வீடு என்று சொல்லிவிடும் ஊர் இது. அந்த வீட்டில் தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருப்பார்கள். அதோடு, நோய் முற்றிய நேரத்தில் "எடுங்க" என்று தலையாட்டியவர், தெளிந்த பிறகு "ஏன் எடுத்தீங்க?" என்று கேட்பார். அப்போது அதை எத்தனை போன்களிலிருந்து அழிப்பீர்கள்? இதைவிடப் பெரிய சேதம் வெளியில் தெரியாது. அந்தப் படத்தைப் பார்த்த இன்னும் பத்துக் குடும்பங்கள் உங்கள் வாசலை மிதிக்கமாட்டா. ஆள் வராத நிலையத்துக்கு எதற்கு நிதி?

முகம் இல்லாமலே கேட்கலாம். "செவ்வாயும் வியாழனும் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். சேர்ந்து சமைக்கிறார்கள், தைக்கிறார்கள், மரக்கறிப் பாத்தி போட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு ஒரு நாள் செலவு இவ்வளவு" என்று உங்கள் உண்மைக் கணக்கை எழுதினால் போதும். "பூரணமாகக் குணப்படுத்துவோம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சிலருக்கு மருந்து வருடக்கணக்கில் வேண்டும், நடுவில் திரும்பவும் நோய் கூடும். குணத்தை வாக்குக் கொடுத்துக் காசு வாங்கினால், முதல் ஆள் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போன அன்றே கொடுத்தவர் கையை இழுத்துக்கொள்வார்.

யாரிடம் வாங்குகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் தொழிற்சங்கமும் கட்சியும் பின்னிக் கிடக்கின்றன. ஒரு சங்கத் தலைவரின் படத்தைப் பேனரில் போட்டால் மற்றச் சங்கத்துக் குடும்பங்கள் ஒதுங்கிவிடும். காசை வாங்குங்கள், பற்றுச்சீட்டும் நன்றிக் கடிதமும் கொடுங்கள், பேனர் வேண்டாம். சாராயக் காசு வேறு கதை. மதுவும் புகையிலையும் விற்கும் கம்பனிகள் அனுசரணை வழங்குவதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டமே தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், குடியை விட முயல்கிறவர் வந்து உட்காரும் இடத்தில் அந்தப் பெயர் எதற்கு?

கோயில் சந்தா, மரண உதவிச் சங்கம் போல இதையும் செக்ரோலில், அதாவது தோட்டச் சம்பளப் பட்டியலில் பிடித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஒவ்வொருவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போடாமல் அதைத் தொடாதீர்கள். கேட்காமல் பிடித்த ஐம்பது ரூபாய், நிலையத்தின் மீது வருடக்கணக்கில் எரிச்சலாகத் தங்கும். கேட்பதென்றால் சம்பளம் போட்ட வாரத்தில் கேளுங்கள். மாதக் கடைசியில் கேட்டால் தட்டில் எதுவும் விழாது.

பதிவு, வங்கிக் கணக்கு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் தவறுகிறார்கள். பொருளாளரின் சொந்தக் கணக்கில் பணம் போடவே கூடாது. யாப்பு, அதாவது சங்கத்தின் விதிமுறைகள் எழுதி, 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதிவு செய்வது பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். பிறகு சங்கத்தின் பெயரில், இருவர் கையெழுத்திடும் கணக்கு. கட்டாரிலோ குவைத்திலோ வீட்டு வேலை செய்யும் நம் பெண்களும், கொழும்புப் புறக்கோட்டைக் கடைகளில் நிற்கும் பிள்ளைகளும் அனுப்பும் காசு அது. துண்டுப்பிரசுரத்தைச் சிங்களத்திலும் அச்சடியுங்கள். டவுனில் கடை வைத்திருக்கும் பாதிப் பேரிடம் தமிழ்த் தாளை நீட்டிப் பயனில்லை, அவர்கள் வீட்டிலும் இந்த நோய் இருக்கிறது. வங்கி இலக்கத்துக்குப் பக்கத்தில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் போடுங்கள். தாளைக் கையில் வாங்குகிறவருக்கே அது தேவைப்படலாம்.

மாதக் கணக்கை, காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்துப் பலகையில் ஒட்டுவது நல்ல பழக்கம். ஒட்டும் முன் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். "இன்னாருக்குப் பஸ் காசு" என்று பெயரோடு எழுதி ஒட்டினால், படம் போடாமல் காத்த ரகசியம் கணக்கில் போய்விடும். பலகையில் "12 பேருக்குப் பஸ் காசு" என்று மட்டும் இருக்கட்டும். பெயர்ப் புத்தகம் அலுமாரியில் பூட்டியிருக்கட்டும், கணக்காய்வாளர் கேட்டால் காட்டலாம்.