சங்கத்தில் சேர்வது, சங்கம் மாறுவது, விலகுவது எப்படி?

கேட் கூட்டத்தில் கோஷம் போட்டதாலோ, வாட்ஸ்அப் குழுவில் நம்பர் இருப்பதாலோ, உண்ணாவிரதப் பந்தலில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்ததாலோ யாரும் சங்க உறுப்பினர் ஆகிவிடுவதில்லை. சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறியிருக்க வேண்டும், சந்தா கட்டிய ரசீது உங்களிடம் இருக்க வேண்டும். சந்தாவைச் சம்பளத்திலேயே பிடிக்கிற இடம் என்றால் சம்பளச் சீட்டிலும் அந்த வரி வர வேண்டும். இந்த மூன்றும் ஒன்றோடொன்று தானாகப் பேசிக்கொள்ளாது. சேரும்போதும் மாறும்போதும் விலகும்போதும் வருகிற தொல்லைகளில் பெரும்பாலானவை, ஒரு இடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு மற்ற இடங்களை அப்படியே விட்டுவிடுவதால் வருபவைதான். நான் இங்கே சொல்வது தமிழ்நாட்டில் ஆலை, போக்குவரத்து, வங்கி மாதிரி இடங்களில் வேலை செய்பவர்களை மனதில் வைத்து.

முதலில் சட்டம், சுருக்கமாக. சங்கம் அமைக்கும் உரிமை அரசியல் சாசனத்தின் 19(1)(சி) பிரிவிலேயே இருக்கிறது. இத்தனை காலம் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2020 வந்திருக்கிறது (பெரும்பாலான மத்திய சங்கங்கள் இதை எதிர்த்துப் போராடிக்கொண்டிருப்பது தனிக்கதை). பழைய சட்டப்படி பதிவான சங்கங்கள் புதிய சட்டப்படியும் பதிவானவையாகவே கருதப்படும், அதனால் உங்கள் உறுப்பினர் அட்டை செல்லாமல் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

யார் சேரலாம்? பழைய சட்டத்தில் 15 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்றிருந்தது, புதியதில் ஆபத்தில்லாத தொழிலில் வேலை செய்பவர் என்றால் 14. நிரந்தரத் தொழிலாளிதான் சேர முடியும் என்பது பல ஆலைகளில் உலவும் வதந்தி. ஒப்பந்தத் தொழிலாளியும் சேரலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அந்தச் சங்கத்தின் பைலா, அதாவது அதன் விதிமுறைப் புத்தகம், அவரை ஏற்கிறதா என்பதுதான் கேள்வி. ஆகவே படிவத்தை நிரப்பும் முன் பைலாவைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். யாரைச் சேர்ப்பார்கள், சந்தா எவ்வளவு, எத்தனை மாதம் பாக்கி வைத்தால் பெயர் நீங்கும், யார் நீக்கலாம் எல்லாமே அதில்தான் இருக்கும். பைலாவைக் காட்டத் தயங்குகிற சங்கத்தில் சேரும் முன் இரண்டு முறை யோசிப்பேன்.

சேர்வது என்பது படிவம், சேர்க்கைக் கட்டணம், முதல் சந்தா, அவ்வளவுதான். ரசீதில் சங்கத்தின் பதிவு எண் அச்சாகியிருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் கேளுங்கள். குறைந்தபட்சச் சந்தா என்று பழைய சட்டத்தின் 2001ஆம் ஆண்டுத் திருத்தம் வைத்திருந்தது, கிராமப்புறத் தொழிலாளிக்கு ஆண்டுக்கு 1 ரூபாய், அமைப்புசாராத் தொழிலாளிக்கு 3 ரூபாய், மற்றவர்களுக்கு 12 ரூபாய். நடைமுறையில் இதைவிட அதிகம் வாங்குவார்கள், தவறில்லை. ஆனால் அரசியல் நிதி என்று தனியாகக் கேட்டால் அது கட்டாயமில்லை. கொடுக்க மாட்டேன் என்று சொன்னதற்காக உங்களைச் சேர்க்காமல் இருக்கவோ, சங்கத்தின் சலுகைகளைக் குறைக்கவோ முடியாது. மாநாட்டு நிதி, கட்டட நிதி என்று போனஸ் சமயத்தில் வருபவை வேறு, அதற்கும் ரசீது வாங்குங்கள்.

அப்புறம் பிடித்தம். சம்பளத்திலிருந்து சந்தா பிடிக்க உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போடாமல் பிடித்தால் அது தவறு. இங்கேதான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்: சங்கத்தில் கொடுக்கும் உறுப்பினர் படிவம் வேறு, நிர்வாகத்துக்குப் போகிற ஒப்புதல் கடிதம் வேறு. இரண்டும் ஒரே தாளில் அச்சாகியிருந்தாலும் வேலை இரண்டு. இரண்டின் நகலையும் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சங்கத்தில் சேர்ந்தால் வேலை போய்விடும் என்று மேலாளர் மிரட்டினால் அது சட்டம் தடைசெய்திருக்கிற நேர்மையற்ற தொழில் நடவடிக்கை. எங்கள் சங்கத்தில் சேராவிட்டால் பார்த்துக்கொள் என்று சங்கக்காரர் மிரட்டினாலும் அதே சட்டம் அதையும் அதே பட்டியலில்தான் வைத்திருக்கிறது.

உங்கள் ஆலையில் சங்கமே இல்லையா? ஏழு பேர் சேர்ந்து விண்ணப்பிக்கலாம், ஆனால் அங்குள்ள தொழிலாளர்களில் 10 சதவீதமோ 100 பேரோ, எது குறைவோ அவ்வளவு பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். தாளில் எளிது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங் தொழிலாளர்கள் 2024இல் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்து, வழக்கும் நடத்தி, 2025 ஜனவரியில்தான் சங்கத்தைப் பதிவு செய்ய முடிந்தது.

இன்னொரு குழப்பம் நலவாரிய அட்டை. கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை அரசு தருவது. பதிவு செய்ய சங்கம் உதவியிருக்கலாம், அதனால் அந்த அட்டை சங்க உறுப்பினர் அட்டை ஆகாது. சங்கத்தை விட்டு விலகினால் நலவாரியப் பதிவும் போய்விடாது.

சரி, மாறுவதற்கு வருவோம். பணியிட மாறுதலில் திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகிறீர்கள், சங்கம் அதேதான் என்றால், பழைய கிளையில் சந்தா பாக்கி இல்லை என்று ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு புதிய கிளையின் பதிவேட்டில் பெயரை ஏற்றச் சொல்லுங்கள். சம்பளம் போடும் அலுவலகம் மாறியிருந்தால் சந்தா பிடிப்பதற்கான ஒப்புதலைப் புதிதாகக் கொடுக்க வேண்டியிருக்கும். இதை மறந்து, பிடித்தம் நின்றதே தெரியாமல், ஒரு வருடம் கழித்துக் கிளைத் தேர்தலில் ஓட்டுப் போடப் போய் பட்டியலில் பெயர் இல்லை என்று சண்டை போடுவது எல்லா ஊரிலும் நடப்பது.

ஒரு சங்கத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது கொஞ்சம் கவனம் கேட்கிற வேலை. உறுப்பினர் பதவியை அப்படியே தூக்கி இன்னொரு சங்கத்துக்கு மாற்றும் ஏற்பாடு சட்டத்தில் கிடையாது, ஒன்றிலிருந்து விலகி மற்றதில் புதிதாகச் சேர வேண்டும். புதிய சங்கத்துக்காரர் "அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்பார், அவரை நம்பி விடாமல் விலகல் கடிதத்தை நீங்களே எழுதுங்கள். இவ்வளவு போதும்:

"நான் உங்கள் சங்கத்தின் உறுப்பினர், பணியாளர் எண் இது. என் சொந்த விருப்பத்தின் பேரில் இந்தத் தேதி முதல் உறுப்பினர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். என் சம்பளத்தில் சங்கச் சந்தா பிடிப்பதற்குக் கொடுத்த ஒப்புதலையும் அதே தேதி முதல் திரும்பப் பெறுகிறேன்."

காரணம் எழுத வேண்டியதில்லை. ஒரு பிரதி சங்கச் செயலாளருக்கு, ஒன்று சம்பளப் பிரிவுக்கு. வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். புதிய சங்கத்துக்கான ஒப்புதல் கடிதத்தில் பழைய ஒப்புதலை ரத்து செய்வதாக ஒரு வரி சேருங்கள், இல்லாவிட்டால் இரண்டு சங்கத்துக்கும் பிடித்தம் போகும்.

எப்போது மாறுகிறீர்கள் என்பதும் முக்கியம். ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் உள்ள இடத்தில், புதிய சட்டப்படி மஸ்டர் ரோலில் (தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில்) உள்ளவர்களில் 51 சதவீதம் பேரின் ஆதரவு உள்ள சங்கம்தான் நிர்வாகத்தோடு தனியாகப் பேசும் பேச்சுவார்த்தைச் சங்கம் ஆகும். யாருக்கும் அவ்வளவு இல்லையென்றால் 20 சதவீதமாவது வைத்திருக்கும் சங்கங்களைக் கொண்டு ஒரு பேச்சுவார்த்தைக் கவுன்சில். ஆகவே ஊதிய ஒப்பந்தம் முடியப்போகிற நேரத்தில் ஆள் பிடிக்கும் போட்டி சூடாகும், பிரியாணியும் வரும். சாப்பிடுங்கள், கையெழுத்தை மட்டும் வீட்டில் யோசித்துவிட்டுப் போடுங்கள். பழைய சங்கத்தில் குடும்ப நல நிதி மாதிரி ஏதாவது கட்டிவந்திருந்தால் விலகினால் அது என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

விலகுவதற்கு வேறு வழிகளும் உண்டு, நீங்கள் கேட்காமலேயே. பைலாவில் சொன்ன காலத்துக்கு மேல் சந்தா பாக்கி வைத்தால் பெயர் நீங்கலாம். சந்தேகம் இருந்தால் உறுப்பினர் பட்டியலையும் கணக்குப் புத்தகங்களையும் பார்க்கும் உரிமை உறுப்பினருக்கு உண்டு, பைலாவில் சொன்ன நேரத்தில் போய்ப் பாருங்கள். ஒழுங்கு நடவடிக்கை என்று நீக்கினால் என்ன குற்றச்சாட்டு, எந்த விதிப்படி, பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்தார்களா என்பதை எழுத்தில் கேளுங்கள். புதிய சட்டத்தில், சங்க நிர்வாகம் பற்றி உறுப்பினருக்கும் சங்கத்துக்கும் தகராறு வந்தாலும், உறுப்பினராகச் சேர்க்கவே மறுத்தாலும் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

பணி ஓய்வு பெற்றவர் சங்க நிர்வாகியாக இருந்தால், சட்டம் அவரை வெளியாள் என்று கணக்கிடுவதில்லை. சாதாரண உறுப்பினராகத் தொடர முடியுமா என்பதைப் பைலாவில் பாருங்கள். எதுவானாலும், விலகல் கடிதம் கொடுத்த பிறகு அடுத்த இரண்டு சம்பளச் சீட்டைப் பாருங்கள். சந்தா இன்னும் பிடித்திருந்தால், கடிதத்தின் நகலோடு சம்பளப் பிரிவுக்குப் போய் அந்தத் தொகையைத் திருப்பிக் கேளுங்கள்.